சின்னக் கைக்கு எந்தப் பிஸ்டல்?

துப்பாக்கி சுடப் பழக வருகிற பெண் பிள்ளையின் கையைப் பார்த்ததும், மேசையில் இருப்பதிலேயே குட்டியான பிஸ்டலை எடுத்து நீட்டிவிடுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். ஆனால் முதல் மகசின் (ரவைகளை அடுக்கிப் போடும் பெட்டி) முடிவதற்குள் பிள்ளைக்குப் பெருவிரலின் அடி வலிக்கத் தொடங்கிவிடும். ரவைகள் இலக்குத் தாளில் நாலாபக்கமும் சிதறியிருக்கும். "எனக்கு இது சரிவராது மிஸ்" என்று வைத்துவிட்டுப் போனால் அடுத்த கிழமை வரமாட்டாள். பண்டாரவளை, ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளைகளை இப்படி இழப்பது எனக்குப் பெரிய வருத்தம். அவர்களுக்கும், பொலிஸிலும் இராணுவத்திலும் சேர்ந்து கையில் பிஸ்டலை வாங்கப்போகிற நம் பிள்ளைகளுக்கும், கை சின்னதான ஆண்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். துப்பாக்கி சின்னதா பெரிதா என்பதைவிட, ட்ரிகர், அதாவது சுடுவதற்கு விரலால் இழுக்கும் விசை, உங்கள் விரலுக்கு எட்டுகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் துப்பாக்கி என்றாலே 1916 ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான். அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். தற்காப்புக்கென்று பொதுமக்களிடம் கொடுத்திருந்த துப்பாக்கிகளையே 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு தற்காலிகமாக ஒப்படைக்கச் சொன்னது. ஆகவே கடைக்குப் போய் வாங்கி வருகிற பேச்சுக்கு இங்கே இடமில்லை. துப்பாக்கி சுடும் கழகத்தின் மேசையில் இருப்பவற்றில் எதை எடுப்பது, கழகம் புதிதாக ஒன்றைத் தருவிக்கும்போது எதைக் கேட்பது, கடமைக்குக் கொடுத்ததை எப்படிக் கைக்குப் பொருத்திக்கொள்வது என்பவைதான் நம்முடைய கேள்விகள். காற்றுப் பிஸ்டல்தானே என்று யாராவது வெளியிலிருந்து கொண்டுவந்து தந்தாலும் வாங்கி வீட்டில் வைக்காதீர்கள். முதலில் கழகத்திடம் கேளுங்கள்.

மலையகத்தில் துப்பாக்கி நெடுங்காலம் பங்களாவுக்குள்தான் இருந்தது. 1900 இல் கண்டியைத் தளமாக வைத்துத் தோட்டத் துரைமாருக்காகவே ஒரு ரைபிள் படை அமைத்தார்கள். அது 1949 வரை இருந்தது. லயத்துக்குத் தெரிந்த துவக்கு என்றால் காட்டுப்பன்றிக்கு யாரோ மறைவில் கட்டிவைத்த கட்டுத்துவக்குதான். அதில் கால் போனவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். இந்தப் பின்னணியில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் 10 மீற்றர் காற்றுப் பிஸ்டலில் தனியாக ஒன்றும் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து ஒன்றுமாக இரண்டு வெண்கலம் வென்றதை நம் பிள்ளைகள் போனில் பார்த்துவிட்டு, "நானும் பழகலாமா" என்று கேட்டால் அந்தக் கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

கையை அளப்பது

கை நீளத்தை அடிமட்டம் வைத்து அளந்து பயனில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு கைகளில் ஒன்றுக்கு விரல் நீளமாகவும் உள்ளங்கை சின்னதாகவும் இருக்கும், மற்றதற்கு நேர்மாறாக இருக்கும். துப்பாக்கியைப் பிடித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மகசினைக் கழற்றி, ஸ்லைடை (பீப்பாயின் மேல் முன்பின் ஓடும் மேல்பகுதி) இழுத்து, ரவை இருக்கும் அறை காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, முனையை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள சவ்வு கைப்பிடியின் மேல்முனையில் இடைவெளியில்லாமல் உட்கார வேண்டும். துப்பாக்கியின் பீப்பாயும் உங்கள் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அந்த நிலையில் கையை அசைக்காமல் சுட்டுவிரலை ட்ரிகரில் வையுங்கள். விரல் நுனிக்கும் முதல் கணுவுக்கும் நடுவில் உள்ள சதைப்பகுதி ட்ரிகரின் மேல் படிந்தால் அந்தத் துப்பாக்கி உங்கள் கைக்கானது. நுனி மட்டும் தொட்டு நிற்கிறதா? அப்போது நீங்கள் சுடும்போது ட்ரிகரைப் பின்னால் இழுக்கமாட்டீர்கள், பக்கவாட்டில் தள்ளுவீர்கள். வலது கைக்காரருக்கு ரவைகள் இடப்பக்கம் போய்க் குவிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

எட்டவில்லை என்றதும் எல்லோரும் என்ன செய்வார்கள் தெரியுமா? கையைக் கைப்பிடியைச் சுற்றிக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்துவார்கள். விரல் எட்டிவிடும். ஆனால் இப்போது பின்னுதைப்பு சவ்வில் இறங்காமல் பெருவிரலின் அடிமூட்டில் இறங்கும். முதலில் சொன்ன வலி அங்கிருந்துதான் வருகிறது. பழகினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மூட்டு பழகாது, வீங்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த பிரச்சினையும் இல்லை. அமெரிக்க இராணுவம் 1911 இல் எடுத்துக்கொண்ட கோல்ட் பிஸ்டலின் ட்ரிகர் பலருக்கு எட்டவில்லை என்று 1920களிலேயே அதைத் திருத்தினார்கள். ட்ரிகரைக் குட்டையாக்கினார்கள், அதன் பின்னால் துப்பாக்கியின் உடற்சட்டத்தின் இரண்டு பக்கமும் விரல் போவதற்குப் பள்ளம் வெட்டினார்கள். அன்று அந்தப் பிஸ்டலைத் தூக்கிய சிப்பாய்கள் ஆண்கள்தான். எட்டவில்லை என்று சொல்ல ஒரு பெண் பிள்ளை வெட்கப்பட வேண்டியதில்லை.

கைப்பிடி ஏன் தடிக்கிறது

சாதாரண பிஸ்டலில் மகசின் கைப்பிடிக்குள்தான் போகிறது. ஆகவே ரவையின் நீளத்தைவிடக் கைப்பிடியின் முன்பின் அகலம் குறையவே முடியாது. ரவையின் பெயரில் உள்ள எண் அதன் குறுக்களவு; .45, .22 என்பவை அங்குலக் கணக்கு. 9 மில்லிமீற்றர் ரவை முழுதாக ஏறக்குறைய 30 மில்லிமீற்றர் நீளம். .45 ரவை 32க்கு மேல். .22 ரவை 25 மில்லிமீற்றரைக் கொஞ்சம் தாண்டும். இதோடு ரவைகளை ஒரே வரிசையாக அடுக்கினால் கைப்பிடி மெல்லியதாக இருக்கும், இரட்டை வரிசையாக அடுக்கினால் பக்கவாட்டில் தடிக்கும். பதினைந்து ரவை, பதினேழு ரவை என்று பெருமையாகச் சொல்லும் பிஸ்டல்கள் எல்லாம் இந்தத் தடிப்பைக் கொடுத்துத்தான் அந்த எண்ணிக்கையை வாங்கியிருக்கின்றன. இலக்குச் சுடுதலில் ஒரு தொடருக்கு ஐந்து ரவைதான். அந்தப் பெருமைக்கு இங்கே வேலையில்லை.

போட்டிக்கென்றே செய்த .22 பிஸ்டல்களில் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். இத்தாலியின் பர்டினி எஸ்பி, ஜெர்மனியின் வால்தர் ஜிஎஸ்பி போன்றவற்றில் மகசின் ட்ரிகருக்கு முன்னால் போகிறது. கைப்பிடிக்குள் ஒன்றும் இல்லை, அது வெறும் மரம். எனவே எந்தக் கைக்கும் ஏற்றபடி அதைச் செதுக்கலாம். கவ்வாத்துக்குப் போகிறவர்கள் கத்திப் பிடியைத் தங்கள் கைக்குத் தோதாகச் சீவிக்கொள்வதுபோலத்தான்.

10 மீற்றர் காற்றுப் பிஸ்டல்

இது தானியங்கி வகையே (ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அடுத்த ரவையைத் தானே ஏற்றிக்கொள்ளும் வகை) இல்லை, ஒவ்வொரு முறையும் கையால் ஒரு குண்டு வைக்க வேண்டும். அப்படியிருந்தும் இதை ஒப்பீட்டில் சேர்ப்பதற்குக் காரணம், சின்னக் கைக்காரருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது என்பதுதான். அரை கிராம் எடையுள்ள 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டு, உதைப்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. சர்வதேச விதிப்படி ட்ரிகரின் இழுவை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பதுதான் வரம்பு, அதாவது ஒரு சுண்டுவிரலுக்கும் பாரமில்லாத இழுவை. மொரினி, ஸ்டெயர், வால்தர் போன்றவை மரக் கைப்பிடியை மிகச் சிறியதிலிருந்து பெரியது வரை பல அளவுகளில் தருகின்றன. ட்ரிகரையும் முன்னும் பின்னும் நகர்த்தலாம். உள்ளங்கையின் அடியைத் தாங்கும் தட்டை ஏற்றி இறக்கலாம். எட்டவில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

எடைதான் பிரச்சினை. பெரும்பாலானவை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும், அதை ஒற்றைக் கையால் நீட்டிப் பிடிக்க வேண்டும். போட்டியில் 60 சூடு, ஒரு மணி 15 நிமிடம். மெல்லிய உடம்புக்காரப் பிள்ளைகளுக்குக் குட்டைப் பீப்பாய் வடிவத்தைக் கேளுங்கள். மொரினியும் ஸ்டெயரும் அப்படிச் செய்கின்றன. பீப்பாய் குட்டையானால் எடை குறைவதோடு முன்பாரமும் குறைகிறது, மணிக்கட்டுக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

மலைநாட்டுக்காரர் யோசிக்க வேண்டிய இன்னொன்று காற்று நிரப்புவது. இந்தப் பிஸ்டல்களின் சிலிண்டருக்கு 200 பார் அழுத்தம் வேண்டும். முக்குளிப்போர் பயன்படுத்தும் பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்புவதுதான் சுலபமான வழி. ஆனால் அவற்றை நிரப்பிக்கொடுக்கும் இடங்கள் ஹிக்கடுவை, திருகோணமலை என்று கடலோரத்தில் இருக்கின்றன. கைப்பம்பு ஒன்று உண்டு. ஆனால் 45 கிலோ எடையுள்ள பிள்ளை அதன்மேல் முழு உடம்பையும் போட்டாலும் கடைசி 50 பார் ஏறாது. அதோடு நம் ஊரின் ஈரக் காற்றைப் பம்பு அப்படியே உள்ளே தள்ளும், சிலிண்டருக்குள் நீர் கட்டும். பம்போடு ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இல்லாவிட்டால் நுவரெலியா மாதிரி இடத்தில் அதைத் தொடவே வேண்டாம். சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் காலாவதித் திகதியையும் பாருங்கள். பத்து வருடம்தான் கணக்கு.

சிலிண்டரே வேண்டாம் என்றால் ரஷ்யாவின் பைக்கால் ஐஇசட்எச் 46எம் மாதிரி, நெம்புகோலை ஒருமுறை மடக்கினால் ஒரு சூட்டுக்கான காற்றைத் தானே அமுக்கிக்கொள்ளும் வகை இருக்கிறது. துல்லியம் நன்றாக இருக்கும், செலவும் குறைவு. ஆனால் அதன் எடை ஒரு கிலோவை நன்றாகவே தாண்டும், கைப்பிடி பெரிய ஆண் கைக்குச் செய்தது, நெம்புகோலை ஒவ்வொரு சூட்டுக்கும் மடக்கிப் பத்துப் பதினைந்து சூட்டுக்குள் சின்னக் கை களைத்துவிடும். கைப்பிடியை அரத்தால் ராவிக் குறைக்கலாம். களைப்புக்கு மருந்தில்லை. கழகம் இரண்டில் ஒன்றைத்தான் தருவிக்க முடியும் என்றால் சிலிண்டர் வகையையும் ஒரு பெரிய தாங்கிச் சிலிண்டரையும் சேர்த்துக் கேளுங்கள்.

.22 பிஸ்டல்

சின்னக் கைக்குத் தானியங்கிப் பிஸ்டல் என்றால் என் மனம் போவது இங்கேதான். ரவைத்தலையின் எடை இரண்டரை கிராம் சொச்சம். 9 மில்லிமீற்றரில் அது ஏழரை, எட்டு கிராம். உதைப்பில் உள்ள வித்தியாசம் அதிலேயே தெரிந்துவிடும். உதைப்பு குறைவு என்றால் ஸ்லைடின் ஸ்பிரிங்கும் மெலிது, இழுப்பது சுலபம். பயம் வராது. பயம் வராத கைதான் ட்ரிகரை ஒழுங்காக அமுக்கப் பழகும்.

பெண்களுக்கான 25 மீற்றர் போட்டிதான் நோக்கம் என்றால் பர்டினி எஸ்பி முதல் தெரிவு. காரணத்தை மேலேயே சொல்லிவிட்டேன்: கைப்பிடிக்குள் மகசின் இல்லை, ட்ரிகரும் முன்பின் நகரும். விதிப்படி இந்தப் போட்டியில் ட்ரிகர் இழுவை ஒரு கிலோவுக்குக் குறையக் கூடாது, துப்பாக்கி 1,400 கிராமுக்கு மேல் போகக் கூடாது, பீப்பாய் 153 மில்லிமீற்றரைத் தாண்டக் கூடாது. பர்டினி இதற்குள் ஒழுங்காக அடங்கும். மிகச் சிறிய அளவுக் கைப்பிடி வந்தும் இடைவெளி இருந்தால் மரத்தூள் பசையை அந்த இடத்தில் அப்பி, அது இறுகுவதற்கு முன் கையை வைத்து அழுத்தி அச்சு எடுத்து, பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். தச்சு வேலை செய்யும் நல்ல பாஸ் ஒருவரிடம் கைப்பிடியை மட்டும் கழற்றிக் கொண்டுபோனால் அவர் அரை நாளில் முடித்துவிடுவார். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மரம் மணிக்கட்டைத் தழுவிப் பிடிக்கக் கூடாது, கை சுதந்திரமாக அசைய வேண்டும். அதை மீறினால் போட்டியில் துப்பாக்கிப் பரிசோதனையிலேயே நிறுத்திவிடுவார்கள்.

ருகர் மார்க் 4 உலகெங்கும் கழகங்களில் காணப்படும் பிஸ்டல், 2016 இல் வந்தது. பின்னால் உள்ள ஒரு பொத்தானை அமுக்கினாலே இரண்டாக மடிந்து திறக்கும், துப்புரவு செய்ய அவ்வளவு சுலபம். மழைக்கும் மூடுபனிக்கும் நடுவில் வாழ்கிற நமக்கு இது சின்ன விஷயமில்லை. இங்கே துடைக்காமல் ஒரு கிழமை விட்ட இரும்பில் செம்பொடி பிடித்துவிடும். ஆனால் தடித்த பீப்பாயுள்ள எஃகு வடிவம் 1.2 கிலோ இருக்கும், பாரம் முழுக்க முன்னால். நீட்டிய கை ஐந்தாவது சூட்டிலேயே நடுங்கும். 22/45 லைட் என்ற அலுமினிய வடிவம் ஏறக்குறைய 700 கிராம்தான், சின்னக் கைக்கு அதுதான். இன்னொரு குறை: இதில் முழு ஸ்லைடு இல்லை, பின்னால் இரண்டு சின்னக் காதுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அவற்றை இரண்டு விரலால் கிள்ளி இழுக்க வேண்டும். குளிரில் விறைத்த விரலுக்கு அது வழுக்கும்.

ஸ்மித் அன்ட் வெசன் எம்அன்ட்பி 22 கொம்பக்ட் பெரிய 9 மில்லிமீற்றர் பிஸ்டலின் அதே வடிவத்தை ஓரளவு குறைத்துச் செய்தது. எடை அரை கிலோவுக்கும் கீழே. கைப்பிடி மெல்லியது, ட்ரிகர் கிட்ட இருக்கும், ஸ்லைடை ஒரு பள்ளிப் பிள்ளைகூட இழுத்துவிடும். போட்டித் துல்லியத்தை இதனிடம் எதிர்பார்க்க முடியாது, பீப்பாய் 90 மில்லிமீற்றர்தான். ஆனால் முதன்முதலாகத் தானியங்கிப் பிஸ்டலைத் தொடும் பிள்ளையின் கையில் கொடுக்க இதைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. கண்ணை மூடாமல் சுடப் பழகுவதற்கு இது போதும்.

க்ளொக் 44 ஐப் பொலிஸில் சேரப்போகிறவர்களுக்குச் சொல்வேன். 2020 இல் வந்தது. வெளி அளவு க்ளொக் 19 போலவே இருக்கும், ரவை மட்டும் .22. எடை குறைவு, ஸ்பிரிங் மெலிது. பின்னால் 9 மில்லிமீற்றர் க்ளொக்குக்கு மாறும்போது கையின் இடம் மாறாது. ஆனால் இந்த அளவே உங்கள் கைக்குப் பெரிதென்றால் .22 என்பதற்காக அது சின்னதாகிவிடாது.

ஈயத்தைப் பற்றி ஒரு வார்த்தை: .22 ஆனாலும் காற்றுக் குண்டானாலும் ஈயம் கையில் ஒட்டும். சுட்டு முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ரொட்டியைத் தொட வேண்டாம்.

9 மில்லிமீற்றர்

இதற்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடமைக்காக வருகிறவர்கள். தெரிவு அவர்கள் கையில் இல்லாமலும் போகலாம். இருந்தாலும் எது ஏன் பொருந்தாது என்று தெரிந்தால், கொடுத்ததை வைத்துச் சமாளிக்கும் வழியும் தெரியும்.

பெரெட்டா 92 சின்னக் கைக்கு மிகக் கடினமான துப்பாக்கி. இரட்டை வரிசை மகசின், அகலமான கைப்பிடி, அதற்கும் மேல் முதல் சூட்டுக்கு ட்ரிகர் வெகுதூரம் முன்னால் நிற்கும். அந்த முதல் இழுவை ஐந்து கிலோ அளவுக்கு இருக்கும். எட்டாத விரலால் ஐந்து கிலோ இழுப்பது எப்படி? 1985 இல் இதை எடுத்த அமெரிக்க இராணுவம் 2017 இல் சிக் சவரின் பி320 வகைக்கு மாறியது. அதில் கைப்பிடியைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மாற்றிப் போட்டுக்கொள்ளலாம். கையில் கிடைத்தது பெரெட்டாதான் என்றால் ஒன்று செய்யலாம்: பயிற்சித் தளத்தில், பயிற்றுநர் அனுமதித்தால், துப்பாக்கியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னிழுத்து வைத்துக்கொண்டு சுடப் பழகுங்கள். ட்ரிகர் தானே பின்னுக்கு வந்து நிற்கும், இழுவையும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

சீஇசட் 75 ஐக் கையில் எடுத்தால் பலருக்கும் பிடித்துவிடும். இரட்டை வரிசை என்று நம்ப முடியாத அளவுக்குக் கைப்பிடி உள்ளங்கையில் உட்காரும். ஆனால் முதல் இழுவையில் பெரெட்டாவின் அதே நோய் இதற்கும் உண்டு. இன்னொன்றும் இருக்கிறது: இதன் ஸ்லைடு உடற்சட்டத்துக்கு உள்ளே ஓடுகிறது, அதனால் வெளியே பிடிப்பதற்கு ஒரு மெல்லிய கீற்றுதான் மிச்சம். சின்னக் கை ஈரமாக இருந்தால் அதைப் பிடித்து இழுப்பது பெரும்பாடு.

வால்தர் பிபிகேயைப் பார்த்தவுடன் "இது எனக்குத்தான்" என்று தோன்றும். ஏமாறாதீர்கள். மற்றவை சுடும் 9 மில்லிமீற்றர் ரவையை இது சுடாது, இதன் ரவை அதைவிடக் குட்டை. 1931 இல் வந்த இந்தக் குட்டிப் பிஸ்டலில் பீப்பாய் அசையாது, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் உதைப்பைத் தாங்க வேண்டும். ஆகவே ஸ்பிரிங் கடுமையானது. முதல் இழுவை மிகப் பாரமானது. கையை நன்றாக மேலே ஏற்றிப் பிடித்தால் பின்னால் வரும் ஸ்லைடு சவ்வைக் கீறிவிடும். சின்னத் துப்பாக்கி சின்னக் கைக்கு என்ற எண்ணத்தை உடைக்க இது ஒன்றே போதும்.

சிக் சவர் பி365 உண்மையிலேயே மெல்லியது, ட்ரிகர் கிட்ட இருக்கிறது, அளவெடுத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தும். 2018 இல் வந்தபோது இவ்வளவு சின்ன உடம்பில் பத்து ரவை என்பது பெரிய விஷயம். ஆனால் எடை அரை கிலோதான். அதே 9 மில்லிமீற்றர் ரவை, குறைந்த எடை. உதைப்பு முழுவதும் உங்கள் மணிக்கட்டுக்குத்தான் வரும். சுண்டுவிரலுக்குக் கைப்பிடியில் இடமும் கிடைக்காது. இடுப்பில் மறைத்து எடுத்துச் செல்வதற்குச் செய்த துப்பாக்கி இது, நூறு ரவை சுட்டுப் பழகுவதற்குச் செய்ததல்ல.

க்ளொக் 19 நடுவில் நிற்கிறது. பழைய மூன்றாம் தலைமுறையின் கைப்பிடியை மாற்ற முடியாது. நான்காம் தலைமுறையிலிருந்து அடிச்சட்டத்தையே சுமார் 2 மில்லிமீற்றர் குறைத்து, பெரிய கைக்காரர் வேண்டுமென்றால் பின்முதுகை (கைப்பிடியின் பின்பக்கம் பூட்டும் துண்டு) சேர்த்துக்கொள்ளட்டும் என்று செய்தார்கள். 2 மில்லிமீற்றர் என்பது கேட்க ஒன்றுமில்லாததுபோல இருக்கும். விரல் நுனி மட்டும் தொடுவதற்கும் சதை படிவதற்கும் நடுவில் உள்ள தூரம் பல கைகளில் அவ்வளவுதான். ஆகவே க்ளொக் 19 கொடுக்கிறார்கள் என்றால் எந்தத் தலைமுறை என்று பாருங்கள், பின்முதுகு பூட்டியிருந்தால் கழற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். களஞ்சியத்தில் கேட்கக் கூச்சப்பட்டு, பெரிய பின்முதுகோடே வருடக்கணக்கில் சுடுகிற பெண் கான்ஸ்டபிள்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குக் கவலையான விஷயம்.

சொந்தத் தெரிவு என்று ஒன்று இருந்தால், 9 மில்லிமீற்றரில் நான் சொல்வது க்ளொக் 48 அல்லது ஸ்மித் அன்ட் வெசன் ஷீல்ட் ஈஇசட். க்ளொக் 48 மெல்லிய உடம்பு, பத்து ரவை, ஆனால் ஸ்லைடின் நீளம் க்ளொக் 19 அளவு. மெல்லிய கைப்பிடியும் சுண்டுவிரல் உட்கார இடமும் ஒன்றாகக் கிடைப்பது அபூர்வம். அதன் தம்பி 43எக்ஸ் அதே கைப்பிடியோடு இன்னும் குட்டைப் பீப்பாயோடு வருகிறது. பழகுவதற்கு 48தான் நல்லது, முன்னால் உள்ள அந்தக் கொஞ்ச எடை துப்பாக்கியை மேலே எம்பாமல் வைக்கும். ஷீல்ட் ஈஇசட்டில் சுத்தியல் உள்ளே இருக்கிறது, அதனால் ஸ்பிரிங்கை மென்மையாக்க முடிந்திருக்கிறது. ஸ்லைடு இழுப்பதுதான் உங்கள் பெரிய சிக்கல் என்றால் அதையே எடுங்கள். அதன் கைப்பிடியின் பின்னால் ஒரு பாதுகாப்பு நெம்பு உண்டு. உள்ளங்கை அதை முழுதாக அமுக்காவிட்டால் சுடாது. சவ்வை உயர வைத்து இறுக்கிப் பிடிக்காத கைக்கு அது தொல்லை தரும்.

ஸ்லைடும் குளிரும்

கை சின்னது என்பதற்கும் கைப்பலம் குறைவு என்பதற்கும் சம்பந்தமில்லை. கொழுந்து பறித்துப் பழகிய பெண்ணின் விரலில் உள்ள பிடிப்பு, அலுவலகத்தில் இருக்கும் பெரிய கைக்காரரிடம் இருக்காது. ஸ்லைடு இழுக்க முடியவில்லை என்பவர்களில் பலர் அதைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் கிள்ளி இழுக்கிறவர்கள். இடது கையை மேலிருந்து கவிழ்த்து ஸ்லைடின் பின்பகுதியை நாலு விரலாலும் உள்ளங்கையாலும் கவ்விப் பிடியுங்கள். துப்பாக்கியை நெஞ்சுக்கு அருகே கொண்டுவந்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டி, இடது கையை அசைக்காமல் வலது கையால் கைப்பிடியை முன்னால் தள்ளுங்கள். தோளின் பலம் வேலைக்கு வந்துவிடும். முனை இலக்கை விட்டு விலகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இப்படி இழுக்கும்போதுதான் பலருக்கு அது இடப்பக்கம் திரும்பிவிடும்.

கொழுந்துக் கையில் வேறொரு சிக்கல் இருக்கிறது. சுட்டுவிரலின் சதை தடித்து வெடித்திருக்கும். ட்ரிகர் நகர்ந்து ஓரிடத்தில் தட்டி நிற்பதை அந்தத் தோலால் உணர முடியாது. சுடுவதற்கு முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் தடவி, மெல்லிய உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்துவிட்டால் வித்தியாசம் தெரியும். அப்புறம் குளிர். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை மாதக் காலையில் விரல் நுனிக்கு உணர்வே இருக்காது. அந்த நிலையில் 500 கிராம் ட்ரிகரைத் தொட்டால் நினைப்பதற்கு முன்பே சுட்டுவிடும். ஒரு பிளாஸ்க்கில் சுடுதண்ணீர் கொண்டுபோங்கள், தொடருக்கும் தொடருக்கும் நடுவில் கையைச் சூடாக்குங்கள். கையுறை போட்டால் ஏற்கெனவே எட்டாத ட்ரிகர் இன்னும் தள்ளிப் போகும்.

9 மில்லிமீற்றர் மகசினில் கடைசி இரண்டு மூன்று ரவை ஏற்றும்போது பெருவிரல் நகம் பெயர்ந்துவிடும்போல இருக்கும். அதற்கென்று ஒரு சின்னப் பிளாஸ்டிக் கருவி இருக்கிறது, மகசினின் மேல் மாட்டி அமுக்கி விடுவது. கழகத்தில் ஒன்று வாங்கி வைத்தால் எல்லோருக்கும் ஆகும்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்பதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிரித்தானியாவில் 1997 முதல் பிஸ்டல்களுக்குத் தடை, அங்கே பழக வழி பெரும்பாலும் காற்றுப் பிஸ்டல்தான். கனடாவில் 2022 ஒக்டோபர் முதல் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் பொதுவாக நிறுத்தப்பட்டிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் விளையாட்டுக்கு வாங்கலாம், ஆனால் தானியங்கிப் பிஸ்டலின் பீப்பாய் 120 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது, மகசின் பத்து ரவைக்கு மேல் போகக் கூடாது. அதனால் நான் மேலே புகழ்ந்த க்ளொக் 48 அங்கே ஆகாது, 106 மில்லிமீற்றர்தான். சின்னக் கையோடு மெல்பேர்னிலோ சிட்னியிலோ பழகப் போகிற தங்கைக்கு, நீளப் பீப்பாயுள்ள .22 பிஸ்டலை எடுக்கச் சொல்லுங்கள், 9 மில்லிமீற்றரைப் பற்றி அடுத்த வருடம் யோசிக்கலாம்.